தேடியதேட்டத்தில் பாதி எங்கே போனது?

கேள்வி: எனக்கு 2007இல் கல்யாணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள், 15 வயதும் 11 வயதும். நாங்கள் இருவருமே யாழ்ப்பாணத்தார். சீதனமாக எனக்குக் காணி தரவில்லை. 24 பவுண் நகையும், அவருடைய தங்கையின் கல்யாணத்துக்கென்று நன்கொடைக் காசும் கொடுத்தார்கள். 2013இல் என் நகையில் 18 பவுணை விற்றுக் கொக்குவிலில் 2 பரப்புக் காணி வாங்கினோம். உறுதி அவருடைய பெயரில். வங்கிக் கடன் எடுத்து வீடு கட்டினோம். வீட்டில் ரியூஷன் கொடுத்து நானும் கடனுக்குக் காசு கட்டியிருக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் அவர் 2023 தொடக்கம் வீட்டுக்கு வருவதில்லை. இப்போது, ‘இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்கமாட்டோம்’ என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பி, கையெழுத்து வைத்தால் 15 இலட்சம் தருவதாகச் சொல்கிறார். தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டப்படி, தேடியதேட்டத்தில், அதாவது கல்யாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில், பாதி எனக்குத்தானே? எங்கள் மாதர் சங்கத்தில் என்னைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க யோசிக்கிறோம். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது? இன்னொன்று: ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம். அம்மா அப்பா அவளுக்கும் நன்கொடைக் காசுதான் கொடுக்கப்போகிறார்கள். இது சரியா?
- ஒரு வாசகி, கொக்குவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். 15 இலட்சம் போதுமா போதாதா என்பதை விட, அதிலுள்ள ‘மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்’ என்ற சொற்கள்தான் உங்களுக்கு ஆபத்தானவை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, வசதியுள்ள கணவன் தன்னைத்தானே பராமரிக்க முடியாத மனைவியைக் கைவிட்டால் நீதவான் நீதிமன்றம் மாதாந்தத் தாபரிப்புக்கு, அதாவது பராமரிப்புக் காசுக்கு, கட்டளை இடலாம். ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் அந்தக் கட்டளை கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் கையெழுத்து வைத்த மறுநாளே அவருடைய சட்டத்தரணி அந்தத் தாளை நீதவானிடம் நீட்டலாம். அவர் விட்டுப் போனார், நீங்கள் பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறீர்கள். இந்த உண்மையை உங்கள் கையாலேயே மாற்றி எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

காசையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். 15 இலட்சத்தை வருஷம் 8 வீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 10,000 ரூபா வரும். இரண்டு பிள்ளைகளின் படிப்பு, சாப்பாடு, மருந்து எல்லாவற்றுக்கும் அது எத்தனை நாளுக்குக் காணும் என்று எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

‘பாதி எனக்குத்தானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சிலிருந்து வந்ததல்ல. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் முதுசம் (பரம்பரையாக வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்றாகப் பிரிந்திருந்தது. தாலி கட்டியபின் இருவரும் சேர்த்த தேட்டம் இருவருக்கும் பொது. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் 1911இல் வந்தபோது இதை இன்னும் தெளிவாக எழுதினார்கள். தேட்டம் யாருடைய பெயரில் இருந்தாலும் இருவரும் சம உரித்தாளர். திருமணம் குலைந்தாலோ, நீதிமன்றம் பிரிந்து வாழ ஆணை கொடுத்தாலோ ஆளுக்குப் பாதி என்று 20ஆம் பிரிவு சொன்னது.

1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. இப்போதைய 19ஆம் பிரிவு ‘அந்த வாழ்க்கைத்துணையின் தேடியதேட்டம்’ என்று பேசுகிறது. அவர் பெறுமதி கொடுத்து வாங்கியது அவருடைய தேட்டம், நீங்கள் வாங்கியது உங்களுடைய தேட்டம். புதிய 20ஆம் பிரிவு மரணத்தைப் பற்றியது. ஒருவர் இறந்தால், அவர் வேறு யாருக்கும் எழுதிவைக்காத தேட்டத்தில் பாதி மற்றவருக்கு வரும். விவாகரத்தில் ஆளுக்குப் பாதி என்ற பழைய வசனம் அங்கே இல்லை. அவர் இறந்தால் உங்களுக்குப் பங்கு உண்டு, அவர் உங்களை விட்டுப் போனால் பங்கு இல்லை என்பதுதான் இன்றைய நிலை. இது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

தேசவழமைக்கு உட்படாத கொழும்புக்காரரின் நிலை நல்லது என்றும் நினைக்காதீர்கள். 1923ஆம் ஆண்டு மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்குப் பொருந்தாது. அது பொருந்துகிறவர்களுக்கும் அவரவர் சொத்து அவரவருக்குத்தான். குடும்பச் சொத்தை விவாகரத்தில் பங்கிடும் தனி விதி அங்கேயும் இல்லை.

ஆனாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. கையில் மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் சேர்த்துத்தான் நடத்த வேண்டும்.

முதலாவது தாபரிப்பு. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து மனுப் போடுங்கள். விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அவருடைய வேலைத்தலத்தின் பெயரும் விலாசமும், ஒரு மாத வீட்டுச் செலவுக் கணக்கு ஆகியவை வேண்டும். செலவைக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடச் செலவு, ரியூஷன், பஸ், அரிசி, காஸ், மின்சாரம் என்று பற்றுச்சீட்டோடு காட்டுங்கள். ரியூஷன் வருமானத்தை மறைக்கக்கூடாது. மறைத்தது பிடிபட்டால் மற்ற விடயங்களிலும் உங்கள் சொல் எடுபடாது. கட்டளையை அவர் மீறினால் சம்பளத்திலிருந்து கழிக்க வைக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். விவாகரத்து முடிந்தபின் மனைவி என்ற முறையில் உங்களுக்கு இந்தத் தாபரிப்புக் கிடைக்காது. பிள்ளைகளுக்குத் தொடரும். 18 தாண்டி, படிப்பினாலோ வேறு காரணத்தாலோ தம்மைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 25 வயது வரை கேட்க முடியும்.

இரண்டாவது விவாகரத்து வழக்கிலேயே கேட்கும் நிரந்தர ஏற்பாடு. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவைப் பலரும் மாதாமாதம் ஜீவனாம்சம் வாங்குவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அதைவிடப் பெரியது. விவாகரத்துத் தீர்ப்புக் கொடுக்கும்போது நீதிமன்றம் அவருடைய சொத்தை அல்லது அதில் ஒரு பகுதியை உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். மொத்தமாக ஒரு தொகையும் கட்டச் சொல்லலாம். மாதக் காசுக்குக் காணியை ஈடு வைக்கவும் சொல்லலாம். ‘நீதிமன்றம் நியாயமென்று கருதுமளவு’ என்பதுதான் அளவுகோல். அளவுகோல் இப்படித் தளர்வாக இருப்பதால், கேட்காதவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எழுத்துமூலம் குறித்துக் கேட்காமல் ‘தகுந்த நிவாரணம்’ என்று மட்டும் எழுதிவைத்த வழக்குகள் ஒரு சிறிய மாதத் தொகையோடு முடிந்துவிடுகின்றன. கொக்குவில் காணியின் உறுதி இலக்கத்தையும் எல்லையையும் எழுதி, வீடு பிள்ளைகளுக்கு இருப்பிடமாக வேண்டும் என்று மறுமொழியிலோ வழக்குரையிலோ கேட்டே ஆகவேண்டும். அவருடைய ஊழியர் சேமலாப நிதியைப் பங்கிட வழி இல்லை. ஆனால் அதில் சேர்ந்திருக்கும் தொகையைக் காட்டி, அதைக் கணக்கில் எடுத்து மொத்தத் தொகையைக் கேட்க முடியும். வழக்கு நடக்கும் காலத்துக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். அதற்கு அவருடைய கடந்த மூன்று வருஷ சராசரி வருமானத்தைப் பார்ப்பார்கள். ஆகவே சம்பள விபரத்தை இப்போதே தேடி வையுங்கள்.

‘இத்தனை வருஷம் பிரிந்திருந்தாலே விவாகரத்துத் தானாகக் கிடைக்கும்’ என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள். நம் நாட்டில் பிறர்மனைத் தொடர்பு, தீய நோக்கோடு கைவிடல், திருமண நேரத்தில் இருந்த மாறாத ஆண்மைக்குறை ஆகியவைதான் காரணங்கள். பிரிந்திருந்த காலம் மட்டும் போதாது, குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைவிட்டுப் போனவர் அவர். ஆனால் ‘மனைவிதான் கைவிட்டாள்’ என்று அவர் கொழும்பிலே வழக்குப் போட்டு, அழைப்பாணை வந்து, நீங்கள் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு விழும். அழைப்பாணையை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் வழக்கு நின்றுவிடாது. முதலில் இடைத் தீர்ப்பு வரும், அது மூன்று மாதம் கழித்தே முற்றாகும். அந்த மூன்று மாதத்துக்குள்ளாவது விழித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழிதான் உங்கள் 18 பவுணுக்கானது. 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுக்க இன்னொருவர் பெயரில் உறுதி முடிந்திருந்தால், காசு கொடுத்தவர் அதை இனாமாகக் கொடுக்க எண்ணவில்லை என்று தெரிந்தால், பெயர் உள்ளவர் அந்தச் சொத்தைக் காசு கொடுத்தவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்று கொள்ளப்படும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் சாட்சியத்தில்தான் தோற்கிறார்கள். ‘என் நகையை விற்றுத்தான் வாங்கினோம்’ என்று வாயால் சொன்னால், ‘அது குடும்பச் செலவுக்கு விற்றது’ என்று மற்றப் பக்கம் சொல்லும். நகைக்கடைப் பில், அடகுச் சீட்டு, வங்கியில் போட்ட திகதி, உறுதி முடித்த திகதி, இவை நான்கும் ஒரே வரிசையில் வந்தால் வழக்கு நிற்கும். உறுதியின் கடைசியில், அதை எழுதி முடிக்கும் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியைப் படித்துப் பாருங்கள். காசு தன் முன்னிலையில் கைமாறியதா, யார் கொடுத்தார் என்று அவர் குறித்திருப்பார். நகையை விற்றுத்தான் அந்தக் காசு வந்தது என்று தெரிந்த உறவினர் யாராவது அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் அவருடைய பெயரையும் எழுதி வையுங்கள். கடனுக்கு நீங்கள் கட்டிய தவணைகளின் வங்கிச் சீட்டுக்களையும் தேடுங்கள். அந்தக் கடனில் உங்களைப் பிணையாளியாக வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விவாகரத்தானாலும் வங்கி உங்களை விடாது.

காணியைக் கேட்டு வழக்குத் தாக்கல் செய்த கையோடு, யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் ஏட்டில் வழக்கு நிலுவையில் இருப்பதைப் பதியச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வெறும் விவாகரத்து வழக்கு காணி வழக்கு ஆகாது. காணியைக் குறிப்பிட்டுக் கேட்டால்தான் பதிய முடியும். இதைச் செய்யாமல் விட்டு, வழக்கு முடிவதற்குள் காணி அண்ணனுக்கோ மைத்துனருக்கோ எழுதப்பட்டு, மனைவி வென்ற தீர்ப்பு வெறுந்தாளாகப் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். வீட்டை விட்டுப் போகச் சொல்லி அவரோ அவருடைய ஆட்களோ மிரட்டினால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

இனி உங்கள் மாதர் சங்கத்தின் மனு. இதை மனமார வரவேற்கிறேன். நீங்கள் கேட்கப்போவது புதிய பொருளல்ல. 1911இல் இருந்து 1947 வரை இந்த மண்ணின் சட்டமாக இருந்ததைத்தான் திருப்பிக் கேட்கிறீர்கள். ‘தேசவழமை எங்கள் அடையாளம், அதில் கை வைக்காதே’ என்று நிச்சயம் எதிர்ப்பு வரும். அவர்களுக்குத் தேசவழமையையே எடுத்துக் காட்டுங்கள். பொதுத் தேட்டம்தான் பழைய வழமை. ‘அவரவர் பெயரில் உள்ளது அவரவருக்கு’ என்பது பின்னால் வந்தது.

ஆனால் பழைய 20ஆம் பிரிவை அப்படியே தா என்று கேட்பது பிழை என்பது என் உறுதியான கருத்து. அப்போது பொதுத் தேட்டத்தை நிர்வகிக்கும் அதிகாரம் கணவன் கையில் இருந்தது. அவன் கடன்பட்டால் கடன்காரன் பொதுச் சொத்தைத் தொடலாம். இன்றைக்கு வேலை செய்து தன் பெயரில் காணி வாங்கும் ஆசிரியையோ, கடை நடத்தும் பெண்ணோ, குடிகாரக் கணவனோடு கல்யாணம் நீடிக்கும்போதே பாதிச் சொந்தக்காரனாக அவனைச் சேர்க்க வேண்டி வரும். 1947 மாற்றத்தில் பெண்ணுக்கு இருந்த நன்மை அது, அதை இழக்கக்கூடாது. கேட்க வேண்டியது இப்படி: கல்யாணம் நீடிக்கும்வரை அவரவர் தேட்டம் அவரவர் ஆளுகையில் இருக்கட்டும். திருமணம் நீதிமன்றத்தால் குலைக்கப்படும்போது மட்டும், இருவருடைய தேட்டத்தையும் கூட்டி, அதைத் தேடப் பட்ட கடனைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாகப் பங்கிடட்டும். பாதி வெளிப்படையாக அநியாயமாகும் இடத்தில் நீதிமன்றம் காரணம் எழுதி விகிதத்தை மாற்றலாம். முதுசமும் சீதனமும் இதில் சேரக்கூடாது. சேர்த்தால் எங்கள் பெண்களின் சீதனக் காணியே முதலில் பறிபோகும்.

இதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். சமையலும் பிள்ளை வளர்ப்பும் தேட்டத்துக்குச் செய்த பங்களிப்பு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இங்கிலாந்தின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும், சிங்கப்பூரின் பெண்கள் சாசனத்தின் 112ஆம் பிரிவிலும் இது எழுத்தில் இருக்கிறது. அடுத்தது, வழக்குத் தொடங்கி குறித்த நாட்களுக்குள் இருவரும் சத்தியக் கடதாசியோடு சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். வங்கி, காணி, வாகனம், சேமலாப நிதி, வெளிநாட்டுக் கணக்கு, சீட்டு எல்லாம் அதில் வரவேண்டும், மறைத்தால் அந்தச் சொத்து முழுவதையும் மற்றவருக்குக் கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால், பாதி என்று சட்டம் சொன்னாலும் எதில் பாதி என்று நிரூபிக்கும் பாரம் பெண் தலையில்தான் விழும். மூன்றாவது, குடும்பம் குடியிருக்கும் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ இருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இப்போது நமது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி மனைவி தன் சொந்தச் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை, அவன் மறுத்தால் 8ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கணவனுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. சீதனத்துக்கான கட்டை எடுத்துவிட்டு, குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் இருபக்கக் கட்டு வைக்கச் சொல்லுங்கள்.

‘நீதிமன்றத்துக்குப் போய் 6ஆம் பிரிவு சமத்துவத்துக்கு முரண் என்று சொல்லலாமே’ என்று யாராவது கேட்பார்கள். அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்கிறது. ஆகவே பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். மனுவை நீதி அமைச்சுக்கும் சட்ட ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பொது மனுவாகவும் சமர்ப்பிக்கச் செய்யுங்கள். பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றிருக்கிறது. அதன் 16ஆம் உறுப்புரை திருமணத்திலும் அது குலையும்போதும் கணவன் மனைவிக்குச் சம உரிமை என்கிறது. மனுவின் முதற் பக்கத்திலேயே இதை எழுதுங்கள். மூன்று மொழியிலும் அனுப்புங்கள், தமிழில் மட்டும் போனால் மேசையில் கிடந்துவிடும்.

கையெழுத்துச் சேர்ப்பதோடு நிறுத்த வேண்டாம். பெயரும் ஊரும் இல்லாமல் இருபது முப்பது குடும்பங்களின் விபரத்தை ஒரே படிவத்தில் நிரப்புங்கள்: கல்யாண வருஷம், என்ன வாங்கப்பட்டது, உறுதி யார் பெயரில், காசு யார் கொடுத்தது, பிரிந்தபோது யாருக்கு என்ன கிடைத்தது, வழக்கு எத்தனை வருஷம் எடுத்தது. ‘பெண்களுக்கு அநியாயம் நடக்கிறது’ என்ற வசனத்தை எந்த அமைச்சும் எளிதில் ஒதுக்கிவிடும், இந்தப் படிவத்தை ஒதுக்குவது கடினம். மனுவின் பின்னிணைப்பில் திருத்தத்தின் வாசகத்தையே ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வரைந்து வையுங்கள். ஆண்கள் தரப்பில் ஏமாந்தவர்கள் இருந்தால் அவர்களையும் சேருங்கள். மனைவியின் சீதனக் காணியில் தன் வெளிநாட்டுக் காசில் வீடு கட்டி, பிரிந்தபின் ஒன்றும் இல்லாமல் நிற்கிறவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கும் இதே திருத்தம் உதவும்.

தங்கையின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்கு: உங்கள் வீட்டில் நடந்ததே மறுபடி நடக்கப்போகிறது. காணியைச் சீதனமாகக் கொடுத்த காலத்தில், கல்யாணம் முறிந்தாலும் பெண்ணுக்குச் சொந்த வளவு இருந்தது. நன்கொடைக் காசு மாப்பிள்ளையின் தங்கை வழியாகப் போய்விட்டால் திரும்பாது. அதற்குப் பற்றுச்சீட்டும் இருக்காது. அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு பரப்பாவது தங்கையின் பெயரில் சீதன உறுதியாக எழுதட்டும். காசுதான் என்றால், அவளுடைய தனிக் கணக்கில் வங்கி மூலம் போட்டு, போட்ட சீட்டை வைத்திருக்கட்டும். நகைகளை ஒவ்வொன்றாக நிறை பார்த்துப் பட்டியல் போட்டு, கடைப் பில்லோடு படமும் எடுத்து அம்மாவிடம் ஒரு பிரதி இருக்கட்டும். பின்னால் அந்தக் காசில் காணி வாங்கினால், உறுதியில் அவள் பெயர் இருப்பதோடு, காசு சீதனத்திலிருந்து வந்தது என்று நொத்தாரிசைக் கொண்டு ஒரு வரி எழுதுவியுங்கள். அப்படி எழுதினால் அது தேடியதேட்டம் ஆகாது, அவளுடைய தனிச் சொத்தாகவே நிற்கும்.